கொழும்பு வெயிலுக்குச் சொன்ன யோசனை நுவரெலியாவுக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வீட்டுப் பக்கத்தில், வைன் போத்தல்களை வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இப்படி ஒன்று வருவதே அரிது என்பதால் ஆசையோடு வாசித்தேன். ஆனால் அது கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட கட்டுரை. வீட்டு பிரிட்ஜைப் போலக் கம்பிரசர் இயந்திரம் உள்ள பெட்டியைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள் என்று ஒரே போடாகச் சொல்லியிருந்தது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் அது சரி. மலைநாட்டில் அதே பேச்சைக் கேட்டுக் கடைக்குப் போகிறவர்கள் தேவையில்லாத பணத்தைக் கொடுப்பார்கள், அல்லது தங்கள் ஊருக்குச் சேராத பெட்டியோடு வீடு திரும்புவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டலின் பார் ஸ்டோர் சாவியை நீண்ட காலம் வைத்திருந்து ஓய்வு பெற்றவன். போத்தல்களை எண்ணுவது, படுக்க வைப்பது, துடைப்பது, எது கெட்டுப் போகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, இதுதான் என் தொழில். இந்தத் தொழிலை மதிக்கிறேன்.

தோட்டப்புறத்தில் குடி எத்தனை குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது என்பது லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். சம்பள நாளன்று கடை வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவன் நான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் குடிக்கப் பழக வேண்டாம். ஆனால் எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். வெளிநாட்டு விருந்தாளி ஒரு போத்தலை வாங்கி வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு இதைச் சரியான குளிரில் வைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார். அதைச் செய்யத் தெரிந்த வீட்டுக்கு அவர் நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார். மது விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில் யாரும் விளையாடக் கூடாது. விருந்தாளியின் சொந்தப் போத்தலைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைனை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைக்க 12, 13 பாகை செல்சியஸ் நல்லது. இரண்டு மூன்று பாகை கூடக் குறைய இருந்தாலும் குற்றமில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். சூடாகும்போது உள்ளே இருக்கும் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது நாளுக்கு நாள் நடந்தால் தக்கையின் ஓரத்தில் கசிவு தெரியும். அப்புறம் வைன் புளித்துவிடும். வெளிச்சம் ஆகாது, அதிர்வு ஆகாது, தக்கை காயக் கூடாது. அதனால்தான் போத்தலைப் படுக்க வைக்கிறோம்.

இப்போது நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும். கொழும்பில் வருடச் சராசரி 27, 28 பாகை. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கேயும் பகலில் வீட்டுக்குள் புழுக்கம்தான். பதுளையும் அப்படித்தான். ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல், அங்கே 20 பாகையை ஒட்டி நிற்கும். நுவரெலியா 1,868 மீற்றர், வருடச் சராசரி 16 பாகைதான். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்வெளியில் துகள் உறைபனி படிவதை உங்கள் பத்திரிகையே படத்தோடு போடுகிறது. வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டிலேயே நுவரெலியாவில் பியர் ஆலை வைத்ததற்கும் இந்தக் குளிர் ஒரு காரணம். இத்தனை வித்தியாசமுள்ள ஊர்களுக்கு ஒரே பெட்டியை எப்படிச் சொல்வது?

கடையில் இரண்டு வகைப் பெட்டிகள் இருக்கும். ஒன்று, வீட்டு பிரிட்ஜைப் போலவே கம்பிரசரும் வாயுவும் உள்ளது. இன்னொன்று பெல்டியர் வகை. 1834இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த விஷயம்தான் அது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரத்தை ஓடவிட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். இந்த வகையில் கம்பிரசர் இல்லை, வாயு இல்லை, ஒரு சிறிய விசிறி மட்டும் ஓடும். சத்தமும் அதிர்வும் மிகக் குறைவு. ஆனால் ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு. அறையின் வெப்பத்தைவிட 10 முதல் 15 பாகை வரைதான் அதனால் குறைக்க முடியும். அறை 30 பாகை என்றால், என்ன பட்டனை அழுத்தினாலும் உள்ளே 15க்குக் கீழே போகாது. அதுவும் நாள் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, கரண்ட் பில்லையும் ஏற்றிவிடும். உங்கள் கட்டுரையாளர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான், அதில் தப்பில்லை.

ஆனால் ஹட்டனில் அறை 20 பாகை. 12க்குக் கொண்டுவர 8 பாகை குறைத்தால் போதும். அதை இந்தப் பெட்டி அலட்டிக்கொள்ளாமல் செய்யும். நுவரெலியாவில் பாதி நேரம் அது சும்மாவே இருக்கும். பெரும்பாலும் விலையும் குறைவு. பன்னிரண்டு, பதினெட்டுப் போத்தல் வைக்கிற வீட்டுக்கு, ஆயிரம் மீற்றருக்கு மேலே, நான் பெல்டியர் வகையைத்தான் சொல்வேன். கண்டி, கம்பளை, மாத்தளை, பதுளை என்றால் கம்பிரசர். ஹோட்டல் அளவுக்கு முப்பது, நாற்பது போத்தலுக்கு மேல் வைப்பதானால் எந்த ஊராக இருந்தாலும் கம்பிரசர்தான்.

என் அக்கா மகன் பண்டாரவளையில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே வைத்திருக்கிறான். "மாமா, கடைல பெருசா ஒண்ணக் காட்டி, இதுல ரெண்டு பக்கம் ரெண்டு குளிர் வைக்கலாம், வெள்ள வைனுக்கு ஒண்ணு, செவப்புக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க, வாங்கவா?" என்று போன் எடுத்தான். வேண்டாம் என்றேன். நீண்ட நாள் வைப்பதற்கு வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஒரே குளிர்தான். பரிமாறும்போதுதான் வித்தியாசம்: நுரைக்கும் வைன் 6 முதல் 8 பாகை, வெள்ளை 8 முதல் 12, சிவப்பு 15 முதல் 18. வெள்ளையைச் சாப்பாட்டுக்கு முன் சமையலறை பிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் ஆயிற்று. சிவப்பை எடுத்து மேசையில் வைத்தால் பண்டாரவளைக் குளிரில் அதுவாகவே சரியாகிவிடும். இரண்டு அறைப் பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமானது. வைனைத் தொடாத வீட்டுக்கும் இது பயன்படும்.

எந்தக் குளிர்ப்பெட்டியானாலும் அதன் பின்புறத்திலோ உள்பக்கச் சுவரிலோ ஒரு தகட்டில் சில எழுத்துக்கள் இருக்கும். எஸ்என் (SN), என் (N), எஸ்டி (ST), டி (T) என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டி எந்த அறை வெப்பத்தில் ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கான வகுப்பு அது. எஸ்என் என்றால் 10 முதல் 32 பாகை வரை. என் என்றால் 16 முதல் 32. எஸ்டி 16 முதல் 38. டி 16 முதல் 43. சூடான நாடுகளுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் டி அல்லது எஸ்டி என்றுதான் இருக்கும். சில பெட்டிகளில் எஸ்என்-டி என்று சேர்த்தே போட்டிருப்பார்கள், அது 10 முதல் 43 வரை தாங்கும். இங்கே எல்லோரும் மேல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது கீழ் எண்ணை. நுவரெலியாவில், கந்தப்பளையில், பட்டிப்பொலையில் மார்கழி தை இரவில் சமையலறை 16 பாகைக்குக் கீழே போகாத வீடு எது?

கீழே போனால் என்ன ஆகும்? மேலே பிரீசர், கீழே சாதாரண அறை என்று ஒரே கம்பிரசரில் ஓடும் வீட்டு பிரிட்ஜ்கள் பலவற்றில் வெப்பத்தை அளக்கும் கருவி கீழ் அறையில் மட்டும்தான் இருக்கும். சமையலறையே குளிர்ந்து கிடந்தால், உள்ளே போதுமான குளிர் இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். கம்பிரசரை ஓடச் சொல்லாது. கம்பிரசர் ஓடாவிட்டால் பிரீசருக்கும் குளிர் போகாது. மீன் இளகும், இறைச்சி நீர் விடும், ஐஸ்கிரீம் கூழாகும். ஊரே நடுங்கும்போது பிரீசர் மட்டும் சூடாகிறதே, பெட்டி பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாயு நிரப்பச் சொல்லிக் காசு கொடுத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. பெட்டியில் பழுதே இல்லை. அது 16 பாகைக்குக் கீழே வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, அவ்வளவுதான். வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

வைன் பெட்டிக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி வரும். 12 பாகைக்கு வைத்திருக்கிறீர்கள், இரவில் அறை 10க்குப் போகிறது. சாதாரணப் பெட்டிக்குக் குளிர்த்தத்தான் தெரியும். அதனால் உள்ளேயும் மெதுவாக 10ஐ நோக்கி இறங்கும், பகலில் மறுபடி ஏறும். சில பெட்டிகளில் மட்டும் சிறிய ஹீட்டர் ஒன்று உண்டு, அறை குளிர்ந்தால் உள்ளே இதமாக வைத்துக்கொள்ளும். பெல்டியர் வகையில் மின்சாரத்தைத் திருப்பி ஓடவிட்டாலே குளிர்ந்த பக்கம் சூடாகும், ஆனால் அந்த வசதியை எல்லாப் பெட்டியிலும் வைப்பதில்லை. கடையில் "இது எவ்வளவு குளிர்த்தும்?" என்று கேட்காதீர்கள். "அறை இதைவிடக் குளிர்ந்தால் இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத விற்பனையாளர் கையேட்டை எடுத்துப் பார்க்கட்டும். 10 பாகையில் வைன் கெட்டுவிடாது. அதனால் ஹட்டனுக்குக் கீழே இதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் நுவரெலியாவில் நல்ல போத்தல்களை வருடக்கணக்கில் வைக்க நினைப்பவருக்கு இந்த ஹீட்டர் வேண்டும்.

ஆறேழு போத்தல்தான், அதுவும் இந்த வருடத்துக்குள் திறந்துவிடுவோம் என்பவர்களுக்கு நுவரெலியாவில் பெட்டியே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் வைனில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. வெயில் படாத சுவரை ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில், கணப்புக்கும் விறகடுப்புக்கும் தூரமாகப் படுக்க வையுங்கள். பழைய துரை பங்களாக்களில் கருங்கல் சுவர் வைத்த ஸ்டோர் அறைகள் எந்த மின்சாரமும் இல்லாமல் இதைத்தான் செய்தன.

அடுத்தது ஈரம். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் துணி காயாது, சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஊவாப் பக்கம் கார்த்திகையிலிருந்து தை வரை அப்படி. வைனுக்கு 50 முதல் 80 சதவீத ஈரப்பதம் நல்லது, அதனால் தக்கை காய்ந்துவிடுமோ என்ற பயம் இங்கே குறைவு. நமக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. லேபல் ஊறும், கதவு ரப்பரில் கறுப்புப் படியும், பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மரத்தட்டு பார்க்க அழகு, ஆனால் கம்பித் தட்டு துடைத்தால் உடனே காயும். கதவு ரப்பரை அப்பச்சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பு வேண்டாம், வாசனை உள்ளேயே நிற்கும்.

எத்தனை போத்தல் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தோள் நேராக இருக்கும் ஒல்லியான 750 மில்லிலீற்றர் போர்டோ போத்தலை வைத்துத்தான் அந்தக் கணக்கு. தோள் சரிந்த பர்கண்டிப் போத்தலும் நுரை வைன் போத்தலும் பருமனானவை, பதினெட்டு என்று போட்டிருந்தால் அதில் நாலைந்து குறையும். கடைக்குப் போகும்போது ஒரு வெறும் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு போய், தட்டில் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் ஹோட்டலுக்கு வாங்கியபோதும் அப்படித்தான் செய்தேன்.

வைக்கும் இடமும் முக்கியம். பின்பக்கம் காற்று விடும் பெட்டியைச் சுவரை ஒட்டி நெருக்கி வைத்தால் அதற்கு மூச்சு முட்டும், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அலுமாரிக்குள் செருகி வைக்க வேண்டுமானால் முன்பக்கம் காற்று விடும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். பலகைத் தரை உள்ள பழைய வீடுகளில் யாராவது நடந்தாலே பெட்டி ஆடும். அங்கே சுவரோரமாக வைத்து, கால்களைத் திருகி மட்டம் பாருங்கள். கண்ணாடிக் கதவு என்றால் கறுப்புச் சாயம் கொடுத்த கண்ணாடியாக இருக்க வேண்டும், அதுவும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். மரம் விழுந்தால், மண் சரிந்தால் இன்றைக்கும் நமக்குத்தான் முதலில் போகிறது. நிறைந்த பெட்டி குளிரை நீண்ட நேரம் பிடித்து வைக்கும், ஏனென்றால் போத்தல்களே குளிர்ந்து கிடக்கின்றன. கதவைத் திறக்காமல் விட்டால் ஓர் இரவு பயமில்லை. கரண்ட் வரும்போதுதான் கவனம் வேண்டும். நின்ற கம்பிரசர் உடனே மறுபடி எழும்பினால் அடிபடும், நாலைந்து நிமிடம் தாமதித்துக் கரண்ட் விடும் பாதுகாப்புக் கருவியை இடையில் போடுங்கள். வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ அது கரண்டை நிறுத்தியும் விடும். சில பெட்டிகள் கரண்ட் போய் வந்ததும் நீங்கள் வைத்த குளிரை மறந்து கம்பனி வைத்த எண்ணுக்குத் திரும்பிவிடும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகச் சொல்லிப் பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

பழைய பெட்டி வாங்குபவர்கள் தகட்டில் 220 - 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 110, 120 வோல்ட் பெட்டியை நேராக நம் சுவரில் செருகினால் அது அன்றைக்கே போய்விடும். ஹோட்டல்கள் கழித்து விற்கும் அறை பிரிட்ஜ்களும் மலிவாகக் கிடைக்கின்றன. குளிர்பானத்துக்கு அவை போதும், வைனுக்குத் தேவையான நிதானமான குளிரை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். இன்சுலின் மருந்தை வைன் பெட்டியில் வைக்காதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். வைன் பெட்டி 12இல் ஓடுகிறது. குளிராகத்தானே இருக்கிறது என்று வைத்தால் மருந்தின் வீரியம் குறையும், நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், காரணமும் தெரியாது. மருந்து சமையலறை பிரிட்ஜின் நடுத்தட்டில், பிரீசருக்கும் பின்சுவருக்கும் ஒட்டாமல் இருக்கட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட்டால், எந்தப் பெட்டி எந்த உயரத்து ஊருக்கு என்று ஒரு சிறிய அட்டவணையைச் சேர்த்துப் போடுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மின்சாதனம் விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பின்புறத் தகட்டில் உள்ள அந்த வெப்ப வகுப்பைப் பெட்டியின் முன்னால், விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். எத்தனை பாகை முதல் எத்தனை பாகை வரை என்று ஒரு வரி போதும். தவணைக் காசு கட்டி பிரிட்ஜ் வாங்கும் தோட்டத்துக் குடும்பம், குளிர்காலத்தில் தன் பிரீசர் ஏன் இளகுகிறது என்று தெரியாமல் மறுபடியும் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் ஊழியர்,
நானுஓயா.